ஒர்பாயோ மழையில் சேருமா?

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டுப் பிரசுரத்தின் மூன்றாம் பக்கமாகத் தொடங்கியது.

நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் லொசெய்ரா, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியக் கரையில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் பயணிகள் விவகாரத்தைக் கவனிக்கும் அம்மாள் ஒருநாள் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினாலும் நம்பர் போட்டு எழுதற ஆளாச்சே. நம்ம நாட்டுல எந்தப் பக்கம் எந்த மாசம் எப்படி இருக்கும்னு வர்றவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார். சரி என்றேன். வரிசைப்படி எழுதினேன்.

தெற்கு: ஜூலை, ஆகஸ்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வர வேண்டாம், ஊர்க்காரர்களே வரமாட்டார்கள். ஏப்ரலில் வரவும்.

நடுமேட்டு நிலம்: அக்டோபரில் ஒரே பைக்குள் தொப்பியும் கம்பளிச் சட்டையும் இருக்கட்டும். இரண்டும் ஒரே நாளில் தேவைப்படும்.

கிழக்குக் கரை: இலையுதிர் காலத்தில் மழை வந்தால் வருடத்து மிச்சத்தையெல்லாம் ஒரே பிற்பகலில் கொட்டிவிடும். வறண்ட ஆற்றுப் படுகையில் காரை நிறுத்த வேண்டாம்.

தென்கிழக்கு மூலை, அல்மேரியா: குடை வேண்டாம்.

வடமேற்கு: ஜூலையில் மழை

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'உண்டு' என்று முடிப்பதா, 'இல்லை' என்று முடிப்பதா? விசாரிப்பதற்காகத் தொசிந்தாவின் மதுக்கடைக்குப் போனேன். சட்டையின் தோளெல்லாம் ஈரம். தொசிந்தா கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜூலைல இங்க மழை பெய்யுமா அக்கா?"

"இது ஜூலைதானே? வெளியில பெய்யுதா பாரு."

"பெய்யுதே. நனைஞ்சுதானே வந்திருக்கேன்."

"அது மழையா? அது ஒர்பாயோ."

அடுத்த மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத பெண்மணி ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "அந்த ஒர்பாயோவாலதான் என் கூடப்பொறந்தவளோட கல்யாணமே—" என்று ஆரம்பித்தாள். வெளியே பேருந்தின் ஊதல் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அந்த வாக்கியத்தின் மீதியைத்தான் நான் இங்கே எழுதப்பார்க்கிறேன். நின்றுபோச்சு என்று முடித்திருப்பாளா, நடந்துச்சு என்று முடித்திருப்பாளா, தெரியாது. அந்தச் சகோதரி இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாது. இனிமேல் இருப்பாள். பெயர் உஷியா.

2

தொடக்கங்கள், வரிசைப்படி:

முதலாவது. "உஷியா லொவ்ரிதோ சன்னலைத் திறந்தபோது கடல் தெரியவில்லை." [வானத்தைப் பார்த்துத் தொடங்கும் கதைகளை நான் படிப்பதில்லை. வானத்தைப் பற்றிய கதையானாலும் சரி.]

இரண்டாவது. "காதல் என்பது ஒருவகையில்" [இல்லை.]

மூன்றாவது. "இந்தலேசியோவின் தோல் ஷூவில் பூஞ்சை பூத்திருந்தது."

இது போகும். இதையே வைத்துக்கொள்வோம்.

இந்தலேசியோவின் தோல் ஷூவில் பூஞ்சை பூத்திருந்தது. காலையில் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கி வந்தான். கீழே உஷியா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதம். ஐந்தறை கொண்ட அந்த விடுதியில் அவனைத் தவிர வேறு விருந்தாளி இல்லை. அவனையும் இப்போதெல்லாம் விருந்தாளி என்று சொல்ல முடியாது.

"இதப் பாரு உஷியா. ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில வச்சேன், தாடி மொளைச்சிருக்கு."

"உள்ள பேப்பரைச் சுருட்டி வைய்யின்னு சொன்னேன்ல?"

"வச்சேன். பேப்பருக்கும் தாடி."

அவன் அல்மேரியாக்காரன். அங்கே பிளாஸ்டிக் கூரை போட்ட பயிர்க்குடில்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் இருக்கின்றன. அவற்றுக்குள் சொட்டுநீர்க் குழாய் பதிப்பது அவன் தொழில். ஒரு துளியையும் வீணாக்காமல் செடியின் காலடியில் கொண்டுபோய் விடுவான். மேகம் வந்தால் அவன் ஊரில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள்.

முதல் தடவை அவன் லொசெய்ராவுக்கு வந்தது பயணியாக, ஒரு ஜூலையில், நாலு நாள் விடுப்பில். அறை கேட்டுப் போன் செய்தபோது மழை வருமா என்று விசாரித்திருந்தான். வராது என்றாள் உஷியா. முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான்.

"மழை இல்லேன்னு சொன்னீங்களே."

"இல்லையே" என்றாள், அவன் தலையைத் துவட்டத் துண்டை நீட்டிக்கொண்டே.

கேலி செய்கிறாள் என்று நினைத்தான். அந்தக் கேலிக்காகவே மறுவருடமும் வந்தான், அதற்கடுத்த வருடமும் வந்தான். அது கேலியே இல்லை என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கதையின் சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

(பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தலேசியோ என்பது அவன் ஊர்க் காவல் புனிதரின் பெயர். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். எழுத நீளமாக இருக்கிறதே என்று 'இந்தா' என்று சுருக்கிப் பார்த்தேன். "உஷியா இந்தாவைப் பார்த்தாள்." யாரோ யாருக்கோ எதையோ நீட்டுவது போல இருந்தது. நீளமாகவே இருக்கட்டும்.)

3

இந்தலேசியோ மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரொம்ப நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான். வெயில் ஊர்க்காரன் என்பதால் சிரித்த முகம் என்று நானே முடிவுகட்டிவிட்டேனோ? அவனுக்கு ஒரு பிடிவாதம் கொடுக்க வேண்டும் என்று தேடியபோது அது தானாகவே கிடைத்தது. அவன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். 'எனக்காக இதைச் செய்' என்ற வாக்கியம் அவன் வாயில் வந்ததே இல்லை. உஷியாவும் அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்து மாதக்கணக்காகிறது. எங்கே குடியிருப்பது என்று மட்டும் இருவரும் பேசவில்லை.

உஷியாவுக்கு அந்த விடுதிதான் எல்லாம். இடிந்து கிடந்த வீட்டை வாங்கித் தன் கையால் சுண்ணாம்பு பூசி, முகப்பின் கண்ணாடி அடைப்புக்குச் சட்டம் இழைத்து நிமிர்த்தியவள். அந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து கடல் வழியாக அடுத்த காற்று வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவனுக்கு வெயில். காயவைத்த துணி காய்வது, கொக்கியில் மாட்டிய சட்டை மறுநாளும் சட்டையாகவே இருப்பது, இதெல்லாம் இல்லாமல் அவனால் சிரிக்க முடியாது என்று உஷியா கண்டுபிடித்திருந்தாள்.

[வாசகர் இங்கே குறுக்கிடுவார்: பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே இருக்கக் கூடாதா? நானும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். நடக்காது. பயிர்க்குடில்கள் காலியாகக் கிடக்கும் கோடையில்தான் குழாய் வேலை குவியும். விடுதி நிரம்புவதும் அதே கோடையில்தான். இரண்டு ஊருக்கும் சூரியன் ஒரே நேரத்தில் சம்பளம் கொடுக்கிறது.]

ஆகவே ஷூ பூத்த அன்று மாலை, தொசிந்தாவின் கடையில், வெள்ளைக் கிண்ணத்தில் மதுவை வைத்துக்கொண்டு இந்தலேசியோ சொன்னான்:

"வானத்துக்கிட்டயே விட்டுடுவோம்."

"எதை?"

"ஜூலை இருவத்தஞ்சு, சந்தியாகப்பர் திருநாள். காலையில கோயில் மணி அடிச்சதுலேர்ந்து இருட்டற வரைக்கும் இந்த ஊர்ல மழை பெய்யலைன்னா நான் குழாயையெல்லாம் மூட்டை கட்டிட்டு இங்க வந்துடறேன். பெஞ்சா நீ விடுதியைப் பூட்டிட்டு அல்மேரியா வா."

உஷியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். ஜூலை இருபத்தைந்து! வருடத்திலேயே அவளுக்குச் சாதகமான நாளை அவனே எடுத்துக் கொடுக்கிறான்.

"சரி" என்றாள். "தொசிந்தா அக்கா சாட்சி."

"நான் எதுக்குடி? எனக்கு ரெண்டு பேருமே வேணும். ஏன் தம்பி, இங்க வந்தா வேலைக்கு என்ன பண்ணுவே?"

"குழாய் வேலைதான்."

"அதுக்கா பஞ்சம்? எங்க வீட்டுக் கூரையே ஒரு குழாய்தான்."

கிண்ணங்களை முட்டிக்கொண்டார்கள். மழை என்றால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

4

ஜூலை வந்தது. வாரம் நெருங்க நெருங்க உஷியா நாளுக்கு நாலு தடவை வானத்தைப் பார்த்தாள். ஜெயிப்போம் என்று தெரிந்தாலும் வானத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இந்த நாட்டில் கல்யாணத்தன்று மழை வேண்டாம் என்றால் கிளாரம்மாள் சபைக் கன்னியர் மடத்துக்குப் போய் ஒரு டஜன் முட்டை கொடுப்பார்கள். மடத்துச் சகோதரிகள் செபித்துக்கொள்வார்கள். கன்னியர்கள் வெளியாட்களுக்கு முகம் காட்டுவதில்லை. சுவரில் பதித்த ஒரு சுழல் பெட்டியில் முட்டையை வைத்து மணியடித்தால், பெட்டி உள்பக்கம் சுழன்று போகும். குரல் மட்டும் வெளியே வரும்.

"மரியே வாழ்க. என்ன மகளே, கல்யாணமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு சிஸ்டர்."

"எந்தத் தேதி?"

"இருவத்தஞ்சு."

"சந்தியாகப்பர் திருநாளா? அன்னிக்கு நெறைய வந்திருக்கு. உனக்கு மழை வேணுமா, வேணாமா?"

"வேணும்னுகூடக் குடுப்பாங்களா?"

"சோளம் போட்டவங்க குடுப்பாங்க. அவங்க முட்டை தனிக்கூடை. கலந்துட்டா நாங்க என்னன்னு வேண்டறது?"

"எனக்கு வேணாம் சிஸ்டர்."

"மழை மட்டும் வேணாமா? சிலபேர் காத்தும் கூடாதும்பாங்க. போன மாசம் ஒருத்தி, முக்காடு பறந்துடுமாம். மூடுபனி, ஒர்பாயோ, அதெல்லாம் எப்படி?"

உஷியா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"மழை மட்டும் போதும் சிஸ்டர். ஒர்பாயோ வந்தா வந்துட்டுப் போகட்டும். அது என்ன மழையா?"

"அதானே" என்றது குரல். பெட்டி சுழன்று காலியாகத் திரும்பியது.

[இந்த இடத்தில் அவளைத் தடுத்து நிறுத்த முயன்றேன். மடத்து வாசலில் அவளுக்கு ஏதோ உறுத்துவது போலவும், திரும்பிப் போய் "எதுக்கும் ஒர்பாயோவையும் சேத்துக்குங்க சிஸ்டர்" என்று சொல்வது போலவும் மூன்று வரி எழுதினேன். அடித்துவிட்டேன். லொசெய்ராவில் பிறந்த எவளும் திரும்பிப் போகமாட்டாள். மீன் வாங்கப் போனவள் தண்ணீரையும் எடைபோடச் சொல்வாளா?]

5

இருபத்தைந்தாம் தேதி காலை கோயில் மணி அடித்தபோது வானம் கழுவித் துடைத்த பீங்கான் போல இருந்தது. உஷியா கொடிக் கம்பியில் போர்வைகளை உலர்த்தினாள். மதியத்துக்குள் அவை மொறமொறவென்று காய்ந்துவிட்டன. இந்தலேசியோ அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடையைத் தேடப் போனான்.

சதுக்கத்தில் திருவிழா. தொசிந்தா செப்பு அண்டாவில் எண்காலி, அதாவது ஆக்டோபஸ், வேகவைத்து, கத்தரியால் வட்ட வட்டமாக வெட்டி, மரத்தட்டில் பரப்பி, எண்ணெய் விட்டு, கல்லுப்பும் மிளகாய்த் தூளும் தூவிக்கொண்டிருந்தாள். தோல்பையை அக்குளில் அமுக்கி ஊதும் பைக்குழல்காரர்கள் இரைந்துகொண்டிருந்தார்கள். இந்தலேசியோ ஒரு குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அது எதுக்குத் தம்பி, கைத்தடியா?" என்றாள் தொசிந்தா.

"நம்பிக்கை அக்கா."

"யாரோட நம்பிக்கை?"

அவன் குடையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்த உஷியா அவனுடைய தட்டிலிருந்து ஒரு துண்டைக் குச்சியால் குத்தி எடுத்தாள். இருவரும் வானத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பவும் பாடுபட்டார்கள்.

பொழுது சாய்ந்து, கிழவர்கள் சீட்டாட உட்கார்ந்த நேரம். குன்றுக்கு மேலே கடல் பக்கமாக ஒரு சாம்பல் நிறப் போர்வை ஏறியது. அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கியது. சதுக்கத்தின் மேல் வந்து நின்றது. பிறகு

பிறகு என்ன ஆயிற்று என்று எழுத எனக்கு ஒரு சொல் வேண்டும்.

6

இது விளையாட்டல்ல. நான் இங்கே எந்தச் சொல்லைப் போடுகிறேனோ அதைப் பொறுத்து ஒரு பெண் தன் வீட்டை இழப்பாள், அல்லது ஒரு மனிதன் தன் வெயிலை இழப்பான். வரிசைப்படி பார்ப்போம்.

'தூறல்' என்று போடலாம். ஆனால் நாம் வாய் திறந்தால் 'மழை தூறுது' என்றுதான் வருகிறது. எழுவாயிலேயே மழை உட்கார்ந்திருக்கிறது. உஷியா தோற்றாள்.

'பனி' என்று போடலாம். பனி பெய்கிறது என்று சொன்னால் நாம் யாரும் குடை எடுப்பதில்லை, தலைக்குத் துண்டு கட்டிக்கொள்வதோடு சரி. இந்தலேசியோ தோற்றான்.

'சாரல்' அழகான சொல். ஆனால் எங்கோ பெய்யும் மழையின் விளிம்பு காற்றில் அடித்து வருவதுதான் சாரல். அப்படியென்றால் பக்கத்து ஊரில் மழை, இங்கே இல்லை. வழக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

'தூவானம்'? அதைத்தான் மழை விட்டும் விடாதது என்கிறோம். பெய்யவே இல்லை என்று இவர்கள் சாதிக்கும்போது விட்டதைப் பற்றி என்ன பேச்சு?

ஆகவே அவர்களுடைய சொல்லையே வைக்கிறேன். நடுவுநிலைமை தவறியதாக யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

பிறகு ஒர்பாயோ வந்தது. பெய்தது என்று எழுதவில்லை, விழுந்தது என்றும் எழுதவில்லை. வந்தது.

7

"மழை!" என்று இந்தலேசியோ பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

சதுக்கமே திரும்பிப் பார்த்தது. "எங்க?" என்றது.

"இங்க! என் மூக்கு மேல!"

"வேர்வையா இருக்கும் தம்பி."

"வேர்வை மேலேர்ந்தா வரும்? எல்லாரும் அவங்கவங்க தலையைத் தொட்டுப் பாருங்க!"

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஈரம் என்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. இந்த ஊரில் தலை ஈரமாக இருப்பது தலை இருப்பதைப் போலத்தான். பைக்குழல்காரர் ஒருவர் முழங்கையிலிருந்து நீர் வடிய நின்றபடி, "மழை பெஞ்சா நாங்க வாசிக்கமாட்டோமேய்யா. பை ஊறிப்போயிடும்ல?" என்றார். சீட்டாடிய கிழவர்களில் ஒருவர் நனைந்த சீட்டை வேட்டியில் துடைப்பது போலக் [வேட்டி ஏது? கால்சட்டையில்.] கால்சட்டையில் துடைத்து, மறுபடி இறக்கினார்.

இந்தலேசியோ தன் மரத்தட்டை உயர்த்திக் காட்டினான். "இதுக்கு என்ன சொல்றீங்க? மிளகாய்த் தூளெல்லாம் கரைஞ்சு ஓடுது!"

"நான்தான் எண்ணெய் கொஞ்சம் தாராளமா விட்டுட்டேன்" என்றாள் தொசிந்தா. பிறகு உஷியாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஜெயிச்சுட்டடி! இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும். மழை எங்கயும் இல்ல!"

சதுக்கம் கைதட்டியது. பைக்குழல் எகிறியது. உஷியாவும் சிரித்தபடிதான் எழுந்தாள். எழுந்தவள் இந்தலேசியோவைப் பார்த்தாள்.

அவன் பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டிருந்தான். இனி வாதாடப்போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குடையை விரிக்கவும் இல்லை. குனிந்து, கால்சட்டை விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டான், ஈரம் தரையிலிருந்து ஏறாமல் இருக்க. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் மடிப்பார்கள். யாரைப் பார்த்துக் கற்றானோ.

உஷியாவுக்கு அந்த மடிப்பைத் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஒன்று உறைத்தது. இதே தண்ணீர் அவன் ஊர்ச் சதுக்கத்தில் வந்திருந்தால் அங்கே எத்தனை பேர் கைதட்டியிருப்பார்கள், யாருக்காக? இது வானம் கொடுத்த ஜெயமில்லை. பக்கத்தில் நிற்கிறவர்கள் கொடுத்த ஜெயம்.

"நிறுத்துங்க" என்றாள். பைக்குழல் ஒரு முனகலோடு நின்றது. "மழைதான்."

"என்னது?" என்றாள் தொசிந்தா.

"மழை பெய்யுது. நான் தோத்துட்டேன். விடுதியைப் பூட்டறேன்."

[இந்த இடத்தில் அவனும் அதே நொடியில் "மழை இல்லை" என்று கத்துவதாக முதலில் எழுதியிருந்தேன். சர்க்கரை தூக்கலாகிவிட்டது. வாழ்க்கையில் யாரும் யாரோடும் அப்படி ஒத்திகை பார்த்ததுபோல் பேசுவதில்லை. அதனால் நடுவில் ஓர் இடைவெளி விடுகிறேன்.]

இந்தலேசியோ அவளைப் பார்த்தான். தட்டில் மிச்சமிருந்த ஒரே துண்டைக் குத்தி வாயில் போட்டான். எண்காலி மெல்ல நேரமாகும். மென்றான். எல்லோரும் காத்திருந்தார்கள். விழுங்கினான்.

"எங்க பெய்யுது?" என்றான்.

"உன் மூக்கு மேலதான்!"

"வேர்வை."

"டேய், விளையாடாத. இப்பதானே பெஞ்சு மேல ஏறிக் கத்தினே?"

"அப்ப எனக்கு விவரம் பத்தலை. ஊர்ல எல்லாரும் ஒர்பாயோன்னு சொல்றாங்க. ஊரை விட எனக்கு அதிகம் தெரியுமா? நான் தோத்துட்டேன். குழாயெல்லாம் அடுத்த மாசமே லாரில வந்துடும்."

"நீ எனக்காகச் சொல்ற."

"நீ மட்டும் என்ன, வானத்துக்காகவா சொன்னே?"

"உன் ஷூவுக்கெல்லாம் தாடி மொளைக்கும்!"

"வழிச்சுக்கறேன். நீ அங்க வந்து அந்த வெயில்ல எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பே? பிளாஸ்டிக்கையா?"

"பிளாஸ்டிக்கைத்தான்! எனக்குப் பிளாஸ்டிக் ரொம்பப் பிடிக்கும்!"

"பொய்!"

"மழை பெய்யுதுன்னா பெய்யுது!"

"இது மழையா? ஏம்மா, இதைப் போய் மழைன்னு சொன்னா சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்."

இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. முடி நெற்றியோடு ஒட்டிவிட்டது. தொசிந்தா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜெயிக்கத் தெரியாத சென்மங்க! சந்தியாகப்பரே, இதுங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

8

முடிவுகள், வரிசைப்படி:

(அ) அவன் வந்துவிடுகிறான். லொசெய்ராவில் ஒழுகாத கூரையே இல்லாததால் அவன் கைக்கு ஓய்வே கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் கண்ணாடி அடைப்புக்குள் உட்கார்ந்து தன் ஊர் இருக்கும் திசையைப் பார்ப்பான், அதை உஷியா பார்ப்பாள்.

(ஆ) அவள் போய்விடுகிறாள். அங்கே போர்வை உலர்த்தினால் மடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. அந்தச் சந்தோஷம் ஒரு வருடம் நிற்கும். அதற்கப்புறம்

(இ) சண்டை முற்றி இருவரும் [இல்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. காபி குடித்த பெண்மணியும் இப்படி முடித்திருக்கமாட்டாள். அவள் விட்ட பெருமூச்சில் ஓரத்தில் சிரிப்பு இருந்தது.]

எதையும் என்னால் முடித்துவைக்க இயலவில்லை. தொசிந்தாதான் ஒரு வழி சொன்னாள். கத்தரியை மேசையில் டணாரென்று வைத்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எங்க ஊர்க்காரங்க தீர்ப்புச் சொன்னா செல்லாது. இவன் ஊர்க்காரங்க சொன்னாலும் செல்லாது. இப்ப மூணாவது பஸ் வரும். அதுல வெளியூர்லேர்ந்து வர்ற ஆளு, முதல்ல எறங்கறவங்க யாரோ, அவங்களைக் கேப்போம். அவங்க மழைன்னா மழை, இல்லைன்னா இல்லை. அதுக்கப்புறம் யாராவது ஒரு வார்த்தை பேசினா இந்த அண்டால தூக்கிப் போட்டுடுவேன். சம்மதமா?"

உஷியா தலையாட்டினாள். இந்தலேசியோவும் ஆட்டினான். பைக்குழல்காரர்கள், சீட்டாடும் கிழவர்கள் உட்பட சதுக்கமே பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பியது.

பேருந்து வளைவில் தெரிகிறது. நிற்கிறது. கதவு திறக்கிறது. முதலில் இறங்குவது நீங்கள்.

கையில் பை. பயணக் களைப்பு. இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களைத்தான் இத்தனை பேர் ஏன் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. கொஞ்சம் ஈரமான ஒரு பெண்ணும் கொஞ்சம் ஈரமான ஓர் ஆணும் உங்களை நோக்கி ஓடி வருகிறார்கள். அவள் தோற்க ஆசைப்படுகிறாள், அவனும் தோற்க ஆசைப்படுகிறான். ஒருவர்தான் தோற்க முடியும்.

நான் செய்யக்கூடியது ஒரே ஓர் உதவி. கையை நீட்டிப் பார்த்துவிட்டு, மனத்தில் முதலில் வருகிற சொல்லைச் சட்டென்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் அந்த இரண்டு முகத்தையும் மட்டும் பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் உங்களால் சொல்ல முடியாது. என்னால் முடியவில்லை.

அவர்களுக்குப் பின்னால் தொசிந்தா மூச்சிரைக்க வந்து சேர்கிறாள். ஊருக்குப் புதிதாக வந்தவர் என்பதால் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள்:

"வாங்க, வாங்க. ஒண்ணுமில்ல, ஒரே ஒரு கேள்வி. இப்ப இங்க மழை பெய்யுதா? சட்டுனு சொல்லிட்டு உள்ள வாங்க. இப்படி வெளியில நின்னா தொப்பலா நனைஞ்சுடுவீங்க."